பூ உதிர்ந்த பிறகு

சிறைச்சாலை, ஆந்திரா
11.5.2014

அன்புள்ள அக்கா வெள்ளச்சிக்கு,

தம்பி ஆண்டி எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நான் எங்கே இருக்கிறேன் என்பது இதற்குள் உங்கள் காதுக்கு வந்திருக்கும். காட்டில் மரம் வெட்டியதாகக் கேஸ். மரம் வெட்டும் வேலை என்றுதான் சங்கராபுரத்துச் சின்னதுரை கூட்டிப்போனான். என்ன மரம் என்று அவன் சொல்லவில்லை. தெரிந்துதான் நாங்களும் கேட்கவில்லை. இங்கே அடி உதை ஒன்றும் இல்லை, சோறு போடுகிறார்கள். எழுதும் கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அதனால் கேஸ் பற்றி நீயும் எதுவும் எழுதாதே.

தம்பி கண்ணுசாமி என்னுடன் இல்லை. அவன் வேறு வண்டியில் போனான். கவலைப்படாதே.

நெல்லிக் கன்றுகளுக்கு இது இரண்டாவது கோடை. இதைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். செடிக்கு ஒரு பானை புதைத்து வைத்திருக்கிறோமே, அதை மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். ஓடையில் தண்ணீர் வற்றினால் ஐந்து நாளுக்கு ஒருமுறை. தூரைச் சுற்றிச் சாமை வைக்கோலைப் போட்டு மூடு, ஆனால் தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளிப் போடு. தொட்டால் கறையான் ஏறும். முக்கியமாக, ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளிவிடு. அது காட்டு நெல்லித் துளிர். அதை விட்டால் மேலே இருக்கும் நல்ல ஜாதி செத்துப்போகும், காட்டுச் செடிதான் மிஞ்சும்.

அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்.

இப்படிக்கு,
உன் தம்பி ஆண்டி

புங்கம்பாடி, கல்வராயன்மலை
20.6.2014

அன்புத் தம்பி ஆண்டிக்கு,

அக்கா வெள்ளச்சி எழுதுவது. நானும் அம்மாவும் இருக்கிறோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூன்று மாதமாக ஆளுக்கொன்று சொன்னார்கள். அம்மா உன் கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள், “பெரியவன் எழுதிட்டான். சின்னவன் ஏன் எழுதல?” அவனுக்கு உன்னைவிட நல்ல கையெழுத்து, பத்தாவது வரை படித்தவன். அவன் எந்த ஜெயிலில் இருக்கிறான்? விலாசம் மட்டும் எழுது. நான் அவனுக்கும் எழுதுகிறேன்.

சாமியம்மாள் தினமும் வருகிறாள். கல்யாணம் நிச்சயமான பெண் இப்படி வரலாமா என்று ஊரில் சிலர் பேசுகிறார்கள். மாமன் செல்லமுத்து மகள் அத்தை வீட்டுக்கு வருவதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டுவிட்டேன். “எனக்கு வேண்டாம், மொதல்ல கண்ணுசாமிக்கு முடிங்க” என்று நீ பிடிவாதம் பிடித்துத்தானே அந்த நிச்சயமே நடந்தது. மாசியில் போய்ப் பங்குனியில் வருகிறோம் என்றீர்கள். கிணறு வெட்டிவிட்டால் நெல்லிக்குக் கவலையில்லை, சித்திரையில் கல்யாணம் என்றீர்கள். சித்திரை போய்விட்டது.

நாற்பத்திரண்டு கன்றில் ஆறு காய்ந்துபோனது. நான்கு பானை விரிசல் விட்டதை நான் கவனிக்கவில்லை. இரண்டை ஆடு கடித்துவிட்டது. மன்னித்துக்கொள். மற்றவை துளிர் விட்டிருக்கின்றன. ஒட்டுக்குக் கீழே வருவதைத் தினமும் பார்த்துக் கிள்ளுகிறேன். எது ஒட்டு, எது காடு என்று சாமியம்மாளுக்கும் படித்துக் காட்டினேன்.

கண்ணுசாமி விலாசத்தை மறக்காதே.

இப்படிக்கு,
வெள்ளச்சி

சிறைச்சாலை, ஆந்திரா
14.7.2014

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டி எழுதுவது. உன் கடிதம் வந்தது. நான் சுகம். அம்மாவுக்கு வேப்பெண்ணெய் சூடுபண்ணித் தேய்த்துவிடு.

ஆறுதானே போயிற்று, வருந்தாதே. ஒருவிதத்தில் நல்லதுதான். நான் முதலிலேயே ஒரு தப்புப் பண்ணிவிட்டேன். நாற்பத்திரண்டும் ஒரே ஜாதியாக வாங்கி நட்டேன். ராமசாமியின் நெல்லித் தோட்டத்தில் இரண்டு வருஷம் கூலிக்கு இருந்தவன் இதை யோசித்திருக்க வேண்டும். ஒரே ஜாதியாக இருந்தால் மரம் பூக்கும், காய் சரியாக நிற்காது. நடுநடுவே வேறு ஜாதி இருந்தால்தான் தேனீ அந்த மகரந்தத்தை இதில் கொண்டுவந்து சேர்க்கும்.

அதனால் ஆடி முடிவதற்குள் காஞ்சன் என்ற ஜாதியில் பத்துக் கன்று வாங்கு. இரண்டு வயதானதாக, பெரிய பையில் இருப்பதாகக் கேள். அப்போதுதான் பழைய செடிகளோடு சேர்ந்து பூக்கும். காய்ந்த ஆறு குழியில் ஆறு, மேற்கு வேலி ஓரம் நாலு. குழி மூன்றடி ஆழம், மூன்றடி அகலம். மேல்மண்ணோடு இரண்டு கூடை மக்கிய எரு, ஒரு படி வேப்பம் பிண்ணாக்கு. ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே ஒரு சாண் தெரிய வேண்டும்.

கண்ணுசாமி விலாசம் எனக்குத் தெரியவில்லை. சின்னதுரையைப் பிடித்துக் கேள். அவனுக்குத்தான் தெரியும். கட்டாயம் கேள் அக்கா. சீக்கிரம் கேள்.

இப்படிக்கு,
ஆண்டி

புங்கம்பாடி
5.10.2014

தம்பி ஆண்டிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மழை நன்றாகப் பெய்கிறது. அம்மாவுக்கு இருமல் வந்து போயிற்று. நீ எப்படி இருக்கிறாய்?

நீ சொன்னபடி பத்துக் காஞ்சனும் நட்டாயிற்று. குழி வெட்டியது நான். மண் தள்ளி மிதித்து, தண்ணீர் ஊற்றியதெல்லாம் சாமியம்மாள். “இந்தப் பத்தும் என்னுது அக்கா, நானு பாத்துக்குறேன்” என்று சொல்லிவிட்டாள். வீட்டிலிருந்து கிழிந்த புடவையைக் கொண்டுவந்து ஒவ்வொன்றையும் குச்சியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறாள்.

சின்னதுரையைத் தேடி மூன்று தடவை மலையிறங்கினேன். இரண்டு தடவை வீடு பூட்டியிருந்தது. மூன்றாம் தடவை பஸ் நிலையத்தில் பிடித்துவிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். உதறிவிட்டு என்ன சொன்னான் தெரியுமா? “என்னை இன்னாத்துக்குக் கேக்குற? ஒன் தம்பி ஆண்டிகூடத்தான் கடசியா இருந்தான். போய் அவனையே கேளு.” நாலு பேர் பார்க்க அப்படிச் சொன்னான்.

அதனால் உன்னையே கேட்கிறேன். அவன் எங்கே? வேறு வண்டியில் போனான் என்றால் யார் வண்டி? நீ பார்த்தாயா?

சாமியம்மாள் சொல்லச் சொன்னாள்: “ஆண்டி மாமா எழுதுனா அவரப் பத்தி இன்னா எழுதிக்கிறாருன்னு மட்டும் காட்டுக்கா. மத்ததெல்லாம் வாணாம்.”

பதில் எழுது.

வெள்ளச்சி

சிறைச்சாலை, ஆந்திரா
8.2.2015

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டி எழுதுவது. எல்லாரும் சுகந்தானே. எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு மாதம் ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தேன். அதனால்தான் எழுதவில்லை. இப்போது பரவாயில்லை.

எங்களோடு வந்த பழனியும் இப்போது இங்கேதான் இருக்கிறான். அன்றைக்குத் தப்பித்துப் போனவன், மறுபடியும் வேறு கூட்டத்தோடு வந்து ஐப்பசியில் மாட்டிக்கொண்டான். என் பக்கத்தில்தான் படுக்கிறான்.

பழைய செடிகளுக்கு இப்போது கவாத்துப் பண்ண வேண்டிய நேரம். தரையிலிருந்து இரண்டரை அடி வரை ஒற்றைத் தண்டு இருக்கட்டும், அதில் பக்கக் கிளை இருந்தால் எடுத்துவிடு. அதற்கு மேலே நாலு கிளை மட்டும் விடு. நாலும் நாலு பக்கமாகப் போக வேண்டும். நெல்லிக் கிளை எளிதில் முறியும் ஜாதி. குறுகலாக, தண்டை ஒட்டி மேலே போகும் கிளையை விட்டால், காய் பிடிக்கும் காலத்தில் பாரம் தாங்காமல் தண்டோடு கிழித்துக்கொண்டு விழும். அகலமாக விரிந்து போகும் கிளைதான் பாரம் தாங்கும். வெட்டின இடத்தில் சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசு.

இந்த வருஷம் பூ வந்தாலும் உருவிவிடு. செடி இன்னும் சின்னது. காய்க்க விடக்கூடாது.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

ஆண்டி

புங்கம்பாடி
22.3.2015

தம்பி ஆண்டிக்கு,

அக்கா எழுதுவது. உன் உடம்பு தேறிவிட்டதா? மருந்து ஒழுங்காகக் கொடுக்கிறார்களா?

நாலு மாதம் தபால்காரரை எதிர்பார்த்திருந்தோம். இரண்டு பக்கமும் நிறைய எழுதியிருக்கிறாய். ஒரு கிளையை எங்கே வெட்ட வேண்டும் என்று அவ்வளவு விவரமாக எழுதத் தெரிந்தவனுக்கு, தம்பியைப் பற்றி ஒரு வரி எழுதத் தெரியவில்லையா? தாளைத் திருப்பிப் பார்த்தேன். உறையைக் கிழித்து உள்ளே பார்த்தேன். சாமியம்மாள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். “ஒண்ணும் எழுதல” என்று சொன்னதும் எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

கவாத்து முடித்துவிட்டேன். நீ சொன்னபடிதான்.

இப்போது ஒரு காரியம். சேராப்பட்டிலிருந்து சாமியம்மாளைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். நல்ல இடம், பையன் பஸ் ஓட்டுகிறான். மாமன் என்னிடம் வந்து உட்கார்ந்து கேட்டார். “நானு வாக்கு மாற மாட்டேன் வெள்ளச்சி. ஆனா ஒரு வருசம் ஆவுதே. அவன் இருக்கிறானா இல்லியான்னாவது ஒரு பேச்சு வாணாமா? அவகிட்ட கேட்டா ஆண்டி இன்னா சொல்றாரோ அதான்றா.” என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீ வேறு எதுவும் எழுத வேண்டாம். ஒரே ஒரு வரி எழுது. அவள் காத்திருக்கலாமா, வேண்டாமா? வேண்டாம் என்று நீ எழுதினால் ஏன் என்றுகூடக் கேட்க மாட்டேன். மாமன் சித்திரைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வெள்ளச்சி

சிறைச்சாலை, ஆந்திரா
12.4.2015

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டி எழுதுவது. நான் சுகம். அம்மாவும் நீயும் நன்றாக இருக்க வேண்டும்.

காத்திருக்கச் சொல்.

கிளை நுனி முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அதற்குள் புழு இருக்கிறது என்று அர்த்தம். வீங்கிய இடத்துக்கு ஒரு விரல் கீழே வெட்டி எரித்துவிடு. வெட்டியதைத் தோட்டத்திலேயே போட்டுவிடாதே.

ஆண்டி

புங்கம்பாடி
17.4.2016

தம்பி ஆண்டிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நீயும் இருக்கிறாய் என்று நினைத்து எழுதுகிறேன். நடுவில் போட்ட இரண்டு கடிதத்துக்கும் உன் பதில் இல்லை. உன் கேஸ் வாய்தா மேல் வாய்தாவாகப் போகிறது என்று கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீல் விசாரித்துச் சொன்னார். கண்ணுசாமி பேரில் எந்த ஜெயிலிலும் கேஸ் இல்லை என்றும் சொன்னார். பேர் மாற்றிக் கொடுத்திருப்பான் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் ஒரு வரியை நான் மாமனுக்குப் படித்துக் காட்டினேன். சேராப்பட்டுக்காரர்களுக்கு இல்லை என்று சொல்லியனுப்பினார். போன தையில் இன்னோர் இடம் வந்தது. மாமன் சம்மதித்தார், சாமியம்மாள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. “ஆண்டி மாமா எழுதிக்கிறாரு, நானு காத்துக்கினுதான் இருப்பேன்” என்று சொல்லிவிட்டாள். அடித்திருக்கிறார். கன்னம் வீங்கிப்போய் வந்தாள். அன்றிலிருந்து மாமன் நம் வீட்டு வாசலைத் தாண்டிப் போனாலும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருத்தர்தான்.

மாசிக் கடைசியில் நெல்லி பூத்தது. இந்த வருஷம் உருவாமல் விட்டோம். கிளை தெரியாமல் பூ. அந்தப் பத்துக் காஞ்சனும் சேர்ந்து பூத்தன. தேனீ சத்தம் வீட்டுக்குள் வரை கேட்டது. பூக்கும்போது தண்ணீர் விடக்கூடாது என்று நீ முன்னே சொல்லியிருந்தாயே, அதனால் நிறுத்திவைத்தோம். ஆனால் ஆண்டி, பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. ஒரு பிஞ்சுகூடக் கண்ணில் படவில்லை. கிளையைக் கையில் பிடித்து இலை இலையாகத் தேடிவிட்டோம். வெறும் கிளைதான். நாலு வருஷம் தண்ணீர் தூக்கியது இதற்குத்தானா? என்ன தப்புச் செய்தோம் என்று சொல். சாமியம்மாள் அந்தப் பத்துச் செடியைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். அவள் நட்டதால்தான் காய்க்கவில்லை என்று அவளாக நினைத்துக்கொள்கிறாள்.

அவளுக்காவது பதில் எழுது.

வெள்ளச்சி

19.6.2016

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டி எழுதுவது. இந்தக் கடிதம் ஜெயில் வழியாக வரவில்லை. பழனிக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. அவன் கையில் கொடுத்தனுப்பி, சங்கராபுரத்தில் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். அதனால் யாரும் படிக்க மாட்டார்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் இதை இப்போது படிக்காதே.

முதலில் சாமியம்மாளிடம் சொல், அவள் மேல் தப்பு எதுவும் இல்லை. பூ உதிர்ந்ததும் நெல்லியில் பிஞ்சு கண்ணுக்குத் தெரியாது. கடுகைவிடச் சின்னதாகக் கிளையோடு ஒட்டிக்கொண்டு மூன்று நாலு மாதம் அப்படியே இருக்கும். கோடை மழை போய், ஆடி மழை விழுந்த பிறகுதான் பெருக்க ஆரம்பிக்கும். இதை நான் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன்.

அக்கா, கண்ணுசாமி இல்லை. அந்த மாசியிலேயே போய்விட்டான்.

நாங்கள் பதினோரு பேர் போனோம். மூன்றாம் நாள் செம்மரக் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கும்போது கீழே விசில் சத்தம் கேட்டது. எல்லாரும் ஓடினோம். கண்ணுசாமி பாறையில் சறுக்கி விழுந்தான். அவன் சுமந்த கட்டை அவன் தொடை மேலேயே விழுந்தது. எலும்பு வெளியே தெரிந்தது. நான் அவனைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போனேன். தண்ணீர் இல்லாத ஓடை ஒன்று இருந்தது. அதன் கரையில் ஒரு மரத்தடியில் கிடத்தினேன்.

சின்னதுரையின் ஆள் வந்தான். “நீ ரோட்டாண்ட போய் வண்டிய நிறுத்து. நாங்க நாலு பேரு இவனத் தூக்கிக்கினு வரோம், ஆஸ்பத்திரில சேக்கலாம். வழில மாட்டிக்கினா வாயத் தொறக்காத. தொறந்தா இவன் மேலயும் கேசு வரும், ஜென்மத்துக்கும் வெளிய வர மாட்டான்” என்றான். பழனியும் அங்கே இருந்தான். என் பாட்டிலில் பாதித் தண்ணீர் இருந்தது. அதைக் கண்ணுசாமி கையில் கொடுத்தேன். “சீக்கிரம் வந்துடுண்ணா” என்றான். அவ்வளவுதான் பேசினான்.

ரோட்டில் என்னைப் பிடித்தார்கள். அப்போது மத்தியானம்கூட ஆகவில்லை. அங்கே தமிழ் தெரிந்த போலீஸ்காரர் ஒருத்தர் இருந்தார். “உள்ள இன்னும் யாராச்சும் இருக்காங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அடிபட்டு யாராச்சும் கெடக்குறாங்களா, பயப்படாம சொல்லு” என்றார். இல்லை என்றேன். வண்டியில் ஏற்றும்போது மூன்றாவது தடவையும் கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை அக்கா. அப்போதும் இல்லை என்றுதான் சொன்னேன்.

அவர்கள் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள் என்று நம்பினேன். உனக்கு எழுதிய முதல் கடிதத்தில் வேறு வண்டி என்று எழுதியது அந்த நம்பிக்கையில்தான். பழனி இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, நான் போன உடனே எல்லாரும் ஓடிவிட்டார்கள். அவனைத் தூக்க ஒருத்தரும் நிற்கவில்லை. இலவச வக்கீல் ஒருத்தர் மூலமாக விசாரித்தேன். பத்து நாள் கழித்து ஆடு மேய்க்கிறவர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். ஆள் யார் என்று தெரியாமல் போலீஸ்காரர்களே அடக்கம் பண்ணிவிட்டார்கள். ஸ்டேஷனில் போட்டோ இருக்கிறதாம். விலாசத்தைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் எனக்குப் போன வருஷம் மாசியிலேயே தெரியும். தெரிந்த பிறகுதான் காத்திருக்கச் சொல் என்று எழுதினேன். வேண்டாம் என்று எழுதினால் நீ ஏன் என்று கேட்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாய். கேட்காமலே உனக்கு விளங்கிவிடும் என்று பயந்தேன். அவன் செத்ததை என் கையால் எழுதாமல் இருந்தால் ஏதோ ஒரு இடத்தில் உயிரோடு இருக்கிற மாதிரி எனக்கு இருந்தது. அதற்காக அந்தப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன். காட்டில் அவனை விட்டுவந்ததற்குக்கூட ஒரு காரணம் சொல்லலாம். இதற்கு ஒன்றும் இல்லை.

அவளிடம் நீதான் சொல்ல வேண்டும்.

ஆண்டி

சிறைச்சாலை, ஆந்திரா
16.10.2016

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டி எழுதுவது. நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. ஆவணியில் ஒரு கடிதம் போட்டேன். அதற்கும் பதில் இல்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை, தெரியும்.

கேஸ் முடிந்துவிடும் போலிருக்கிறது. இருந்த நாளே தண்டனைக்குச் சரியாகப் போகும், தை பிறப்பதற்குள் விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொல்கிறார். நான் ஊருக்கு வரவில்லை. கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள். நேரே அங்கே போகிறேன். யார் முகத்திலும் விழிக்க என்னால் முடியாது.

இப்போது காய் கோலிக்குண்டு அளவு வந்திருக்க வேண்டும். வெண்காரம் வாங்கி வெந்நீரில் கரைத்து ஆற்றி, பத்து லிட்டருக்கு அறுபது கிராம் கணக்கில் தெளி. பதினைந்து நாள் விட்டு இன்னொரு தடவை. தெளிக்காவிட்டால் வெளியே பளபளவென்று இருக்கும், வெட்டிப் பார்த்தால் உள்ளே கறுத்திருக்கும்.

ஆண்டி

புங்கம்பாடி
28.12.2016

தம்பி ஆண்டிக்கு,

அக்கா வெள்ளச்சி எழுதுவது. அம்மா இருக்கிறாள். நானும் இருக்கிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுத இத்தனை மாதம் கை வரவில்லை. இன்று கேட்கிறேன்.

உன் கடிதத்தை ஆனி மாதம் களை வெட்டிக்கொண்டிருக்கும்போது தோட்டத்தில் வைத்துப் படித்தேன். சாமியம்மாள் குடத்தோடு வந்தாள். கடிதத்தையே அவள் கையில் கொடுத்துவிட்டேன். நின்றபடியே படித்தாள். முதல் பக்கத்தை மறுபடியும் படித்தாள். அப்புறம், “ரெண்டு வருசமா நானு செத்துப்போனவனுக்காவா அக்கா இந்தத் தண்ணியத் தூக்கிக்கினு இருந்தேன்?” என்றாள். அழவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கொடுவாளோடு வந்தாள். அவள் நட்ட பத்துக் காஞ்சனையும் ஒவ்வொன்றாக வெட்டினாள். ஒட்டுக்குக் கீழே பார்த்து வெட்டினாள். எங்கே வெட்டினால் நல்ல ஜாதி திரும்ப வராது என்பது அவளுக்குத் தெரியும், நான்தானே படித்துக் காட்டினேன். நான் எழுந்துபோய்த் தடுக்கவில்லை. பத்தும் முடிந்த பிறகு, புடவைக் கிழிசல்களை மட்டும் அவிழ்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். ஆடியில் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். மாமன்தான் பஸ் ஏற்றிவிட்டார். எங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. இதுவரை ஒரு தகவலும் இல்லை. மாமனிடம் நான் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். “எங்க அக்காவுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். அப்படியே எழுந்து போய்விட்டார்.

ஆவணியில் பழனியைக் கூட்டிக்கொண்டு நீ எழுதிய அந்த ஸ்டேஷனுக்குப் போனேன். அம்மாவிடம் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன். போட்டோவைக் காட்டினார்கள். அவன்தான். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், தூங்குகிற மாதிரியெல்லாம் இல்லை. புதைத்த இடத்தையும் ஒருத்தர் கூட்டிப்போய்க் காட்டினார். ரோட்டோரப் புறம்போக்கு, முள் மண்டிக் கிடக்கிறது. பழனி ஓரமாக நின்று அழுதான். நான் முள்ளை ஒதுக்கிவிட்டு, கற்பூரம் ஏற்றி, அவனைப் பேர் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நெல்லி காய்த்திருக்கிறது. ஆடி மழைக்குப் பிறகு நீ சொன்னது போலவே கிளையெல்லாம் மணி மணியாகத் தெரிந்தது. முப்பத்தாறு மரத்திலும் பிடித்தது. சாமியம்மாள் வெட்டுவதற்கு முன்பே தேனீ தன் வேலையை முடித்துவிட்டது போலிருக்கிறது. வெண்காரம் இரண்டு தடவை தெளித்தேன். வெட்டிப் பார்த்தேன், உள்ளே வெள்ளையாகத்தான் இருக்கிறது. உலுக்காமல் கையால் பறித்தோம். பதினேழு மூட்டை கள்ளக்குறிச்சிக்குப் போயிற்று. மண்டிக்காரர் கையில் வைத்து உருட்டிப் பார்த்து, “மலையில இப்பிடி ஒரு காயி நானு பாத்ததில்ல” என்றார். அடுத்த வருஷம் இப்படிக் காய்க்காது. வேறு ஜாதி இல்லாமல் காய் நிற்காது என்று நீயே எழுதியிருக்கிறாய். திரும்ப நட எனக்குத் தெம்பில்லை.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஆறு மாதமாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்திருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சாமைக் கஞ்சி வேண்டுமா, கேழ்வரகுக் களி வேண்டுமா என்று கேட்டுவிடுகிறேன். நீ ஏன் கவாத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தாய் என்பது எனக்கு இப்போது புரிகிறது. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அது வேறு.

உன்னைத் தைக்குள் விட்டுவிடுவார்கள் என்று நேற்று அம்மாவிடம் சொன்னேன். கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள், “சின்னவனையும் இட்டுக்கினு வருவான் இல்ல?”

நான் “ஆமாம்மா” என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நீயும் நானும் ஒன்றுதான். நீ கேரளாவுக்குப் போய்விடலாம். நான் எங்கே போவேன்? நேற்றிலிருந்து அவள் வீட்டை மெழுகிக்கொண்டிருக்கிறாள். வா ஆண்டி. சங்கராபுரத்தில் யாரையும் பார்க்காதே, மாமன் வீட்டுக்கும் போகாதே. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்கு வா. அவள் உனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பாள். அப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொல். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா
வெள்ளச்சி